கல்லில் வரைந்த ஆறு படங்கள்

அச்சான முதல் தாளைச் சண்முகவடிவு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். படத்தில் ஒரு பந்தி முழுக்க இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பரிமாறும் பெண்களுக்கு முந்தானை வலது தோளில் தொங்கியது. நம்மூர்ப் பெண்களாக அவள் வரைந்தவர்கள் குஜராத்தி சேட்டு வீட்டு அம்மாக்களாக மாறியிருந்தார்கள்.

அதுவரை தாளில் மட்டுமே வரைந்து பழகியவள் அவள். வண்ணப் புத்தகம் என்றதும் தாராவியில் காசிம் பாயின் கல்லச்சகத்துக்கு வந்து ஆறு படங்களையும் நேராகக் கல்லிலேயே வரைந்துவிட்டாள். கல்லில் வரைந்தது தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும். அது அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று பாய் நினைத்துக்கொண்டார். படம் போடுகிறவளுக்கே தெரியாது என்று யார்தான் நினைப்பார்கள்!

மாட்டுங்காவிலிருந்து வந்த பதிப்பாளர் சேஷாத்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கொழந்தைகள் படிக்கற புஸ்தகம்மா இது. திங்கட்கிழமை காலம்பற சரியான படம் வரணும். இல்லேன்னா மெட்ராஸ்லேர்ந்து வேற ஆர்ட்டிஸ்டைப் பாத்துக்கறேன்."

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை அவள் தம்பி வெயிலுமுத்துவுக்குக் கல்யாணம். ஆனால் மூன்று வருஷம் நாயாய் அலைந்து கிடைத்த முதல் புத்தகத்தை எவனுக்கோ விட்டுக்கொடுக்க அவளால் ஆகாது.

"ஆறு படத்தையும் நானே திரும்ப வரையுதேன் பாய். கல்லத் தேச்சுக் குடுங்க."

பழைய படம் போகும்படி பாய் கல்லைத் தேய்த்துக் கொடுத்தார். வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் கொண்டுவந்தார். முதலில் தாளில் சரியாக வரைந்து, அந்தப் படத்தைக் கண்ணாடியில் காட்டி, அதில் தெரிந்தபடியே கல்லில் வரைய ஆரம்பித்தாள்.

அம்மா சொர்ணம்மாள் சும்மா இருப்பாளா? "ஏட்டி, வீடு கொள்ளாம சனம் வந்து கெடக்கு. நீ கல்லக் கட்டிக்கிட்டு அழுதியா?"

"தாலி முடிச்சுப் போட வந்துருவேம்மா."

சொன்னபடி ஞாயிறு காலை கல்யாணத்துக்கு வந்தாள். நான்கு படம் முடிந்திருந்தது. பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள், விரலில் ஏறிய மை மட்டும் சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டான். மற்ற இரண்டும் அக்காள் போட வேண்டியவை. அவள் பிடித்ததும் மஞ்சள் கயிற்றில் கறுப்பு ஒட்டியது.

"தாலிக் கயித்துல கருப்பா?" பெண்ணின் பெரியம்மா கத்தினாள். "வேற யாரையாவது போடச் சொல்லுங்க!"

சண்முகவடிவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கயிற்றை மட்டும் விடவில்லை.

மணப்பெண் பேராச்சி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "மதினியே போடட்டும். இங்க மராட்டிக்காரப் பொம்பளைக தாலியில கருகமணிதான கட்டியிருக்காக? அவுகளுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

பெரியம்மா ஒதுங்கி நின்றாள். இரண்டு முடிச்சையும் நன்றாக இறுக்கிப் போட்டுவிட்டு, பந்திக்கு இலை போடும் முன்பே சண்முகவடிவு அச்சகத்துக்கு ஓடினாள்.

ஐந்தாவது படம் முடிந்தது. ஆறாவதில் ஓர் அம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறாள். அந்தக் கை மட்டும் சரியாக வரவே இல்லை. விரல்கள் சோற்றைப் பிடிக்காமல் கரண்டி மாதிரி விறைத்து நின்றன.

மூன்று மணிக்குச் சொர்ணம்மாள் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். முகம் உர்ரென்று இருந்தது.

"மாப்ளைக்கி அக்கா எங்கன்னு ஊரே கேக்கு. வாயத் தொற."

மகளின் கறுத்த கைகளைப் பார்த்துவிட்டு அவளே பிசைந்து உருட்டி நீட்டினாள். சண்முகவடிவு வாயைத் திறக்கவில்லை. எதிரே இருந்த கண்ணாடியில் அம்மாவின் கை தெரிந்தது. ஐந்து விரலும் சோற்றுருண்டையைத் தாங்கிக் குவிந்திருந்தன.

"அம்மா, கைய அப்படியே வையி. அசைக்காத."

"பசியோட இருக்க புள்ள பேசுத பேச்சா இது?" என்றாள் சொர்ணம்மாள். ஆனாலும் கையை இறக்கவில்லை. தோள் வலித்தபோது இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். சோறு விரலிலேயே காய்ந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்து படங்களைச் சரி என்று பைக்குள் வைத்த சேஷாத்ரி, சோறு ஊட்டும் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

"இது யார் கை?" என்று கேட்டார்.

"எங்க அம்மா கை," என்றாள் சண்முகவடிவு.