ஆடி பிறக்கும் முன்னே ஒரு வீடு

வாடகைக்கு வீடு தேடப் போறதும் பொண்ணுபாக்க வாறவன் முன்னால போயி நிக்கதும் ஒண்ணுதான். எந்த ஊரு, நீங்க யாரு, எத்தனை பேரு, மீன் கொழம்பு வைப்பியளா, வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்டா... கேட்டுக்கிட்டே இருப்பானுவ. நான் சந்தனமாரி. வண்ணார்பேட்டையில ஒரு ஜவுளிக்கடையில சேலை எடுத்துக் காட்டுத வேலை. கடையையே பிரிச்சுப் போட வச்சிட்டு ஒண்ணும் எடுக்காமப் போறவகிட்டயும் சிரிச்ச மூஞ்சியா இருப்பேன். எனக்கே பத்திக்கிட்டு வந்துட்டுன்னா பாத்துக்கிடுங்க.

டவுண்ல ஒரு ஆளு, "நீங்க யாரு?"ன்னு திரும்பத் திரும்பக் கேக்கவும், "வாடகை கொடுக்கப் போறவ"ன்னு சொல்லிட்டுப் படியெறங்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் சிவசைலம் வழி பூரா முனங்கிக்கிட்டே வந்தாவ. "கொஞ்சம் பைய பேசப்படாதா?"

"நீங்க பேசாம இருந்து எத்தனை வீட்டைப் பிடிச்சிய?"ன்னேன்.

அவசரம் எங்களுக்குத்தான். இருக்க வீட்டுக்காரவ, மகனுக்குக் கல்யாணம், காலி பண்ணுங்கன்னுட்டாவ. ஆனி முடியுததுக்குள்ள வேற வீட்டுல பால் காய்ச்சியாவணும். ஆடி பொறந்துட்டா எங்க ஆளுகள்ல ஒருத்தரும் வீடு மாற மாட்டோம். கெடைக்கலன்னா ஆவணி வரைக்கும் ஸ்ரீவைகுண்டத்துல என் ஓரகத்தி வீட்டுலதான் போயி இருக்கணும். அவ நல்லவதான், தூரத்துல இருந்தா. நான் காப்பிக்கு எத்தனை கரண்டி சீனி போடுதேன்னு தெருவுக்கே சொல்லிருவா. எங்க வீட்டுக்காரர் அங்கயிருந்து கங்கைகொண்டான் கம்பெனிக்கு பஸ்ஸு மாறி மாறிப் போவணும், மக பள்ளிக்கூடம் என்னாவும்?

அப்பதான் தச்சநல்லூர்ல இந்த வீடு அமைஞ்சுது. கீழ் வீடு. ரெண்டு ரூம்பு, வெளிச்சமான அடுப்படி, குழாயில ஆத்துத் தண்ணி. வாடகையும் எங்க கைக்கு அடங்குனதுதான். வீட்டுக்கார அம்மா தனலட்சுமி மாடியில இருக்காவ. என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவ. "மோட்டாரைப் போட்டா மறக்காம அணைப்பியளா?" அங்கனயே கால்ல விழுந்துருக்கணும் நான். "ஆனி கடைசி முகூர்த்தத்துல வந்து பால் காய்ச்சிரு. சாமானை எப்ப வேணாலும் கொண்டா. பால் பொங்கிட்டா வீடு உன்னுது"ன்னாவ.

முகூர்த்தத்தன்னைக்குக் காலையில ஏழரை மணி வரைக்கும் நல்ல நேரம். தண்ணிக்குடம், உப்பு, மஞ்சள், சாமி படம், பாலு எல்லாம் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு போயி எறங்குனா, கதவு தொறந்து கெடக்கு. உள்ள ஒரு பொண்ணு துப்பட்டாவை இடுப்புல கட்டிக்கிட்டு வாரியலால ரூம்பைத் தூத்துப் பெருக்கிக்கிட்டு இருக்கா. அடுப்படியில அவ அடுப்பும் சிலிண்டரும்.

"யாரும்மா நீ?"

"கெசியா. பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரி நர்ஸு. இங்கன குடிவந்திருக்கோம். வீட்டுக்காரர் சாமானை ஏத்திக்கிட்டு இருக்காவ. நீங்க பக்கத்து வீடாக்கா?"

எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறிட்டு. "பக்கத்து வீடுமில்ல, எதுத்த வீடுமில்ல. இது என் வீடு. வாரியலைக் கீழ போடு!"

நான் போட்ட சத்தத்துல மேல இருந்து தனலட்சுமி அம்மாவும் அவிய வீட்டுக்காரர் குமரகுருபரன் அண்ணாச்சியும் எறங்கி வந்தாவ. விசயம் என்னன்னா, அண்ணாச்சி கால் புண்ணுக்குக் கட்டுப் போடப் போன எடத்துல கெசியாவுக்கு வாக்குக் கொடுத்து, சாவியையும் கொடுத்திருக்காவ. அம்மா எனக்கு வாக்குக் கொடுத்திருக்காவ. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட மாட்டியளான்னு கேட்டா, ஆளுக்கொரு பக்கம் பாக்காவ.

"சந்தனமாரி, அவியகிட்ட சொல்லு. என் வாக்கு மாறாதுன்னு."

"ஏம்மா கெசியா, அவகிட்ட சொல்லு. சாவி உன் கையிலதான் இருக்குன்னு."

நல்ல கூத்துதான்! பங்குனியில இருந்தே ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். மாடியில பாதி வீடு, துபாய்ல இருக்க மகனுக்குன்னு பூட்டியே கெடக்கு. அவன் ஊருக்கு வந்து வருசம் பல ஆச்சு. அதை வாடகைக்கு விட்டா என்னன்னு அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்டிருக்காவ. அன்னைக்கே அம்மா பேச்சை நிப்பாட்டிட்டாவ.

இவிய சண்டையில நம்ம நேரம் போயிருமேன்னு பால் சட்டியைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குள்ள போனேன். "எங்க நம்ம அடுப்பு?"ன்னு கேட்டா, எங்க வீட்டுக்காரர் திருதிருன்னு முழிக்காவ. சாமி படத்தைப் பட்டுத்துணியில சுத்திக் கொண்டாந்த மனுசன் அடுப்பைப் பழைய வீட்டு வாசல்லயே விட்டுட்டு வந்திருக்காவ. நேரமோ நெருங்கிட்டு. சட்டியோட அங்கனயே உக்காந்து அழுதுட்டேன்.

கெசியா என் கையில இருந்து சட்டியை வாங்கி, அவ அடுப்புல வச்சா. "அழாதீங்கக்கா. நேரம் போவுதுல்லா?"

"ஏளா, இது பொங்குனா வீடு எனக்குன்னு ஆயிரும். தெரியும்லா?"

"தெரியும். எங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான், ஆவணியும் ஒண்ணுதான். உங்களுக்கு இன்னைக்கு விட்டா வழியில்லையே." சொல்லிக்கிட்டே அவளே அடுப்பைப் பத்த வச்சா.

பால் நுரைச்சு, சட்டியைச் சுத்தி வழிஞ்சுது. குலவை போட வாயைத் தொறந்தேன். கெசியா சன்னல் பக்கமா திரும்பி நின்னு போன்ல பேசுதா. "சாமானை ஏத்தாதீங்க... இந்த வீடும் இல்ல... வேற எங்கன பாக்க? ஜெபக்கூட்டம் போடுவியளான்னு கேட்டே எல்லாரும் அனுப்பிட்டாவளே."

அவளையும் நிக்க வச்சுக் கேட்டிருக்கானுவ! அடுப்பைக் கொடுத்தவளை வெளிய அனுப்பிட்டு இந்தப் பாலைக் குடிச்சா என் தொண்டைக்குள்ள எறங்குமா? மொத டம்ளரை ஆத்தி தனலட்சுமி அம்மா கையில கொடுத்தேன். கொடுத்த கையோட கேட்டுப்புட்டேன்.

"வராத பிள்ளைக்குப் பூட்டி வச்சுக்கிட்டு, வந்து நிக்க பிள்ளையை அனுப்பப் போறியளாம்மா?"

எங்க வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடிச்சுக் கிள்ளுனாவ. சொன்ன பெறகுதான் எனக்கும் பகீர்னுது. இவ்வளவு பாடுபட்டுப் பிடிச்ச வீட்டைச் சொந்த வாயாலயே கெடுத்துக்கிட்டேனே. அம்மா டம்ளரையே பாத்துக்கிட்டு நின்னாவ. கண்ணு கலங்கிட்டு. பெறகு பாலை மடக்குன்னு குடிச்சிட்டு, இடுப்புல சொருகியிருந்த கொத்துல ஒரு சாவியைக் கழட்டுனாவ.

"ஏழரைக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குல்லா? மிச்சப் பாலையும் அடுப்பையும் மாடிக்குத் தூக்குளா. அங்கனயும் பொங்கட்டும்."

கெசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. அம்மா அண்ணாச்சி பக்கமா சாவியை நீட்டுனாவ. "போயி தொறந்து விடுங்க. தாழ்ப்பாள் இறுகிப்போயி கெடக்கும், பாத்து."

அண்ணாச்சி சாவியை வாங்காம, பின்னால யாரும் நிக்காவளான்னு திரும்பிப் பாத்தாவ.

"என்கிட்டயா சொன்ன?"

"பின்ன, செவுத்துக்கிட்டயா?"