லெபனான் ஊதுகுழல்

அறுகம்பை ஹோட்டல் வாசலில் ஒரேயொரு ஆள் நிற்பதைக் கண்டதும் வேன் ஓட்டிவந்த அஷ்ரபின் முகம் சுண்டிப்போயிற்று.

“ஒரு ஆளுக்கா இந்த வேன எடுத்த? ஆட்டோவே காணுமே தங்கச்சி.”

“அறுபது தாண்டின மனிசி. ஆட்டோவுல குலுங்கி இடுப்பு முறிஞ்சா நீங்க தூக்கிச் சுமப்பீங்களா காக்கா?”

“அல்லாஹ்வே, என்ட இடுப்பே எனக்குப் பாரமாக் கிடக்கு.”

நுஸ்ரத் சிரித்துக்கொண்டே இறங்கினாள். முப்பத்திரண்டு வயது அவளுக்கு. நாலு வருஷமாக இந்த ஒருநாள் சுற்றுலாவை நடத்துகிறாள். காலையில் ஒலுவில் துறைமுகம், பிறகு மருதமுனைத் தறி, பகலைக்குச் சாய்ந்தமருதில் அவளுடைய வீட்டிலேயே சோறு, கடைசியில் கடற்கரை. இணையத்திலும் வாசல் போர்டிலும் அதற்கு அவள் வைத்த பெயர் ‘ஆசியா உம்மா வீட்டுச் சோறு’. ஆசியா உம்மா அவளைப் பெற்றவள்.

அந்தப் பெயரை வைத்த அன்று ஸகியா சாச்சி தலையில் அடித்துக்கொண்டாள். உம்மாவை ராத்தா என்று கூப்பிடும் தங்கச்சி அவள். நுஸ்ரத்தை வளர்த்து ஆளாக்கியவள். “ஊர் மறந்த பேர என்னத்துக்குகா போர்டுல எழுதித் தொங்க விர்றாய்?” என்று கேட்டாள்.

ஊர் எங்கே மறந்தது? இரண்டாயிரத்தொன்றில் ஆசியா உம்மா லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். சுனாமி வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு காட்போட் பெட்டி வந்து சேர்ந்தது. நாலு சட்டை, தொழுகை விரிப்பான ஒரு முசல்லா, ஒரு சின்ன வெள்ளி ஊதுகுழல். அதோடு ஏஜென்சிக்காரன் எழுதிய ஒரு வரி: ‘வேலை செய்த வீட்டிலிருந்து ஓடிவிட்டார்.’

அந்த ஒரு வரி ஊருக்குப் போதுமாக இருந்தது. யாரோடு ஓடினாள் என்பதை மட்டும் அவரவர் தங்களுக்கு விருப்பமானபடி சேர்த்துக்கொண்டார்கள். வாப்பா அதையே சாட்டாகப் பிடித்து அக்கரைப்பற்றில் இன்னொரு கலியாணம் முடித்தார். சாச்சி மட்டும் நம்பவில்லை. ஆனால் செத்துவிட்டாள், மௌத்து என்று சொல்ல அவளிடமும் ஒரு சாட்சி இல்லை. மௌத்து என்று உறுதியானால், மையித்து எங்கோ மண்ணுக்குள் கிடந்தாலும் இங்கிருந்தே இறந்தவருக்கான காயிப் ஜனாஸா தொழலாம். ஓடிப்போனவளுக்கு எதைத் தொழுவது? இருபது வருஷமாக அந்தத் தொழுகை அப்படியே நின்றுபோய்க் கிடந்தது.

உலகத்தில் எவராவது ஒருவர் அந்தப் பெயரைக் கண்டு, “எனக்குத் தெரியும்” என்று ஒரு சேதி கொண்டு வரக்கூடும். நுஸ்ரத் போர்டு எழுதியது அதற்காகத்தான். இதை அவள் சாச்சியிடம் சொன்னதில்லை.

வந்த மனுஷியின் பெயர் நஜ்லா. கறுப்பு உடுப்பு, தலையில் மெல்லிய வெள்ளைத் துணி. மடியில் ஒரு தோல் பை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸலாம் சொல்லித்தான் வேனில் ஏறினாள்.

“இஸ்லாமாமா? கேளுங்களன்,” என்றான் அஷ்ரப்.

நுஸ்ரத் ஆங்கிலத்தில் கேட்டாள். அந்த மனுஷி ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

“நாங்கள் துரூஸ். லெபனான் மலையில் இருக்கிறோம். எங்கள் வழி தனி வழி. எங்கள் பெரியவர்கள் வேதத்தை வெளியே சொல்லமாட்டார்கள். சாப்பாட்டை மட்டும் எல்லாருக்கும் வைப்பார்கள்.”

லெபனான் என்றதும் நுஸ்ரத் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நாலு வருஷத்தில் அந்த நாட்டுக்காரர் ஏழெட்டுப் பேர் வந்து போயிருக்கிறார்கள். எல்லாரிடமும் கேட்டதைத்தான் இவளிடமும் கேட்டாள்.

“என் உம்மா உங்கள் நாட்டில் வேலை செய்தவ, மேடம். ஆசியா உம்மா என்று பேர். எந்த ஊர் என்று தெரியாது. கேள்விப்பட்டிருக்கிறீர்களா?”

நஜ்லா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே அறுவடை முடிந்த வயல் ஓடியது. “லெபனானில் எத்தனையோ வீடுகள்,” என்றாள்.

எல்லாரும் சொல்கிற பதில்தான். நுஸ்ரத் கதையை விட்டுவிட்டாள்.

ஒலுவிலில் படகுகள் வந்து சேர்ந்திருந்தன. வலை உதறிக்கொண்டிருந்த ஒருவன் நஜ்லாவைப் பார்த்துக் கத்தினான்: “நுஸ்ரத் புள்ள, இந்த வெள்ளக்காரக் கிழவிக்கு மாப்பிள்ள தேவையா எண்டு கேளு. எனக்குக் கடனும் இல்ல, பல்லும் இல்ல!”

நுஸ்ரத் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். நஜ்லா அன்றைக்கு முதலும் கடைசியுமாகச் சிரித்தாள்.

“மத்த கைட்மாரெண்டா, மீன் வாங்கச் சொல்றான் எண்டு மழுப்பியிரிப்பாங்க,” என்றான் அஷ்ரப்.

“ஒருத்தர் சொன்னத மத்தவருக்குச் சொல்றதுதான் காக்கா என்ட வேல. நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்.”

“மெய்தான். அதனாலதான் உங்களுக்கு வரும்படி வாறல்ல.”

மருதமுனையில் தறியின் முன்னால் நஜ்லா நின்றாளே தவிர எதையும் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில், “வீட்டுக்குப் போவோமா?” என்றாள். “உன் வீட்டுக்கு.”

சாய்ந்தமருதில், வளவின் பின்பக்கம் ஓலைக் கொட்டிலுக்குள் அடுப்பு. வீட்டுக்குள் காஸ் அடுப்பு இருந்தாலும் சுற்றுலாக்காரர் வரும் நாளில் ஸகியா விறகுதான் எரிப்பாள். புளியாணம் இறக்கியாயிற்று, கீரிமீன் பொரிய வேண்டும். ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. ஸகியா குந்தியிருந்து, வெள்ளி ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினாள். ஒரு சாண் நீளம்தான் அது. நுனி கரண்டி மாதிரித் தட்டையாகி, அதில் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

“வந்துட்டீங்களா? இந்த மசிரு விறகு பத்துதில்லகா. ராத்தா வாங்கினதும் வாங்கின, ஒரு முழத்துல வாங்கப்படாதா? இருபது வரிசமா என்ட மூஞ்சியச் சுடுது இந்தக் கொழல்.”

நஜ்லா கொட்டில் வாசலிலேயே நின்றுவிட்டாள். கண் குழலில் குத்தியபடி நின்றது. பிறகு நிலத்தில் உட்கார்ந்து தோல் பையைத் திறந்தாள். சின்னச் சுரைக் குடுவை ஒன்று, பச்சைத் தூள் நிரம்பிய டப்பா ஒன்று, அதன் பின் ஒரு வெள்ளிக் குழல். அதே நீளம், அதே தட்டை நுனி, அதே ஓட்டை. குடுவையில் தூளைப் போட்டாள். அடுப்பங்கரையில் இருந்த சுடுதண்ணீரைக் காட்டிக் கேட்டு ஊற்றினாள். குழலைக் குத்திவைத்து, குனிந்து ஒரு வாய் உறிஞ்சினாள்.

ஸகியாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “என்னடி இது, ஊதுகுழல வெச்சி ஊதாம உறிஞ்சிறா? இவக்கு ஆராச்சும் சொல்லிக் குடுங்களன்!”

நுஸ்ரத் சிரிக்கவில்லை. சாச்சியின் கையில் இருந்த குழலையும் குடுவையில் இருந்த குழலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது மத்தே,” என்றாள் நஜ்லா. “எங்கள் மலையில் இதைக் குடிக்காத வீடு இல்லை. எல்லாரும் ஒரே குழலில், ஒருவர் பின் ஒருவராகக் குடிப்போம். உன் தாயும் எங்களோடு உட்கார்ந்து குடித்தவள். அவளுக்கு அது பிடிக்கும். அதனால்தான் பெட்டிக்குள் அவளுடைய குழலை நான் வைத்தேன். இணையத்தில் அவள் பெயரைக் கண்டுதான் இங்கே வந்தேன்.”

“நீங்க வெச்சீங்களா?” நுஸ்ரத்துக்கு ஆங்கிலம் மறந்து தமிழ்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள். “என் உம்மா எங்கே ஓடினா? சொல்லுங்கள், மேடம்.”

‘மேடம்’ என்றதும் நஜ்லா அடி விழுந்தவள் போல முகத்தைத் திருப்பினாள்.

“அவளும் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள்.”

பிறகு சொன்னாள். எங்கேயும் நிற்காமல் சொன்னாள். பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தவளாக இருக்கவேண்டும்.

கடல் வந்த செய்தியை ஆசியா உம்மா டீவியில் பார்த்தாள். ஊர்ப் பேரைக் காட்டிக் கத்தினாள். நஜ்லா போனில் இலக்கத்தை அழுத்திக் கொடுத்தாள், லைன் கிடைக்கவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. என் பிள்ளைகள், என்னை அனுப்புங்கள், என்று ஆசியா உம்மா காலைப் பிடித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நஜ்லாவின் மகனுக்குக் கலியாணம். முந்நூறு பேருக்குச் சமையல். கலியாணம் முடியட்டும், அனுப்புகிறேன், என்றாள் நஜ்லா. வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் பெண் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது வெளிக்கதவைப் பூட்டினாள்.

“எப்போதும் பூட்டுவோம். எல்லா வீட்டிலும் பூட்டுவார்கள்.”

வீடு மூன்றாம் மாடி. ஆசியா உம்மா அலுமாரியை உடைத்துப் பாஸ்போட்டை எடுத்திருந்தாள். கட்டில் விரிப்பு இரண்டை முடிந்து பல்கனிக் கம்பியில் கட்டியிருந்தாள். முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. விரிப்புத்தான் கிழிந்தது.

“தப்பி ஓடும்போது விழுந்து இறந்தார் என்று பொலிஸ் எழுதியது. ஏஜென்சிக்கும் அப்படித்தான் சொன்னோம்.”

அதில் பாதியைத்தான் ஏஜென்சிக்காரன் ஊருக்கு அனுப்பினான். ஓடினவள்தான் உம்மா. பிள்ளைகளிடம் ஓடி வந்திருக்கிறாள். தம்பி சப்ரி கடலோடு போனதும் நுஸ்ரத் பள்ளிக்கூடக் கூரையில் தப்பி இருந்ததும் தெரியாமல், இரண்டு பேரையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு விழுந்திருக்கிறாள்.

“ஒரே குழலில் குடித்தீர்கள்,” என்றாள் நுஸ்ரத். “ஒரே குழலில் குடிக்கிற ஆளை வைத்துக் கதவை ஏன் பூட்டினீர்கள்?”

நஜ்லா பையின் அடியில் இருந்து ஒரு பாஸ்போட்டை எடுத்து நீட்டினாள். மேலட்டையில் கறுத்துக் காய்ந்த ஒரு கறை. உள்ளே ஆசியா உம்மா, நுஸ்ரத்தைவிட ஒரு வயது இளமையாக, படம் பிடிப்பவனைப் பயந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸகியா எழுந்து வந்தாள். படத்தைக் கண்டதும் கையில் இருந்த குழல் நழுவி அடுப்புச் சாம்பலில் விழுந்தது. சட்டியில் மீன் கருகத் தொடங்கியது.

“என்னவாம் புள்ள? இவ என்ன சொல்றா? சொல்லன்!”

நுஸ்ரத் சொன்னாள். டீவி, போன், கலியாணம், பூட்டு, விரிப்பு. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தன் குரல் துறைமுகத்தைக் காட்டும்போது வருகிற அதே குரலாக வருவதைத் தானே கேட்டாள்.

ஸகியா அழவில்லை. அடுப்பில் இருந்து சட்டியை இறக்கி வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள்.

“அப்ப ஓடல்ல.”

“ஓடல்ல சாச்சி. நம்மளிட்ட வரத்தான் இறங்கின.”

“நான் சொன்னன் தானே. ஒருத்தனும் கேக்கல்ல.” கொஞ்ச நேரம் பாஸ்போட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நேராக நஜ்லாவின் முகத்தைப் பார்த்தாள். “இவக்கிட்ட ஒண்டே ஒண்டு கேளு. மையித்த ஆரு குளிப்பாட்டின? கபன் துணி போட்டாங்களா? பொம்புளையளா, ஆம்புளையளா?”

நுஸ்ரத் கேட்டாள்.

நஜ்லா குனிந்துகொண்டாள். “எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி லொறி வந்தது. இரண்டு ஆண்கள் போர்வையில் சுற்றித் தூக்கினார்கள். மலையடிவாரத்தில் ஒரு முஸ்லிம் ஊரின் மையவாடியில் அடக்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். யாராவது கழுவினார்களா என்று நான் கேட்கவில்லை. அன்று வீட்டில் கலியாண வேலை.”

“என்னவாம்?” என்றாள் ஸகியா.

நுஸ்ரத் அடுப்புச் சாம்பலில் கிடந்த குழலைப் பார்த்தாள். சாச்சி காத்திருந்தாள். அவள் இருபது வருஷமாகக் காத்திருந்தவள்.

“ரெண்டு பொம்புளையளாம் சாச்சி. நம்மட ஆக்கள்தானாம். நல்லாக் குளிப்பாட்டி, கபன் போட்டு, தொழுதுதான் அடக்கினாங்களாம்.”

ஸகியாவின் தோள் இரண்டும் இறங்கின. கண்ணை மூடிக்கொண்டாள்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள். இன்னொரு தரமும் சொன்னாள்.

இறைவனைப் புகழும் அந்த ஒரு சொல் நஜ்லாவுக்கும் தெரிந்த சொல். திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அதுவரை வராத அழுகை அவளுக்கு வந்தது. ஸகியாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நுஸ்ரத்திடம் திரும்பினாள்.

“என்னை மன்னித்துவிட்டாளா? அப்படித்தானே சொல்கிறாள்?”

“இவ என்னத்துக்கு இப்ப அழுறா?” என்று ஸகியா கேட்டாள்.

நுஸ்ரத் இரண்டு பேருக்கும் மொழிபெயர்க்கவில்லை. பாஸ்போட்டைச் சாச்சியின் மடியில் வைத்தாள். நஜ்லாவின் குடுவையைக் கவிழ்த்து, ஈரத் தூளைத் தட்டிக் கொட்டி, அலசிப் பைக்குள் போட்டுக் கொடுத்தாள். சாம்பலில் கிடந்த குழலைக் கொடுக்கவில்லை.

“கடற்கரை இன்றைக்கு இல்லை, மேடம். வேன் நிற்கிறது.”

நஜ்லா ஒன்றும் புரியாமல் எழுந்தாள். ஒரு பிடிகூடத் தொடாத சோறு முன்வீட்டில் சஹன் தட்டில் மூடிக் கிடந்தது. வாசலில் அஷ்ரப், “என்ன தங்கச்சி, இவ்வளவு சுறுக்கா?” என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

“நீங்க கொண்டு போய் விட்டுட்டு வாங்க காக்கா. நான் வாறல்ல. வரக்குள்ள பெரிய பள்ளியில நிண்டு, பாங்கு சொல்ற மோதினாரை எங்கட வீட்ட வரச் சொல்லுங்க. ஒரு ஜனாஸா அறிவிக்க இரிக்கி.”

“ஆரு மௌத்து?”

“உம்மா.”

வேன் திரும்பிப் போனது. பின்னேர அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. ஆனால் சாச்சி இப்போதே தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்யக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். நுஸ்ரத் வாசலிலேயே நின்றாள். பின்பக்கம் இருந்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.