எதற்கும் இருக்கட்டும் என்று

"ஒரு ஆளைக்கூட குறைக்க மாட்டேன். எழுதிக்கோங்க."

"நீங்க குறைக்கலன்னா உங்க ஆளுங்க எல்லாரும் வீட்டுக்குத்தான் போவாங்க, ஒன்னோ. அதையும் எழுதிக்கவா?"

"மிரட்டுறீங்களா? ஸ்வாபியாக்காரங்க கஞ்சப்புத்தியெல்லாம் உங்க ஊரோட வெச்சுக்கோங்க. விட்டா மூச்சுக்காத்துலயும் மிச்சம் பிடிப்பீங்க!"

"இது கஞ்சத்தனம் இல்லைங்க. கணக்கு."

கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் நடைபாதை முழுக்கக் கேட்டது. நானும் திட்டப் பிரிவு இன்சாவும் வெளியே அப்படியே நின்றுவிட்டோம்.

கத்தியவர் ஒன்னோ. உலைக் கட்டடத்தின் ஷிப்ட் தலைவர், கோபக்காரர். பதில் சொன்னவர் அன்னெக்ரெட். எங்கள் அணுமின் நிலையத்தைப் பிரித்தெடுக்க எவ்வளவு ஆகும் என்று மதிப்பிட நாட்டின் தெற்கே, சிக்கனத்துக்குப் பேர்போன ஸ்வாபியாவிலிருந்து ஒரு கம்பெனி அனுப்பிய பெண்மணி.

ஜப்பானில் அந்த அணு உலை விபத்து நடந்த வருடம், வடகடல் ஓரத்தில் இருக்கும் எங்கள் நிலையத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நிறுத்தியாயிற்று. அடுத்து? இரண்டு வழி இருந்தது. உடனே பிரிக்க ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் எரிபொருளை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, கட்டடத்தைப் பூட்டிக் காவல் போட்டு, முப்பது வருடம் கழித்துப் பிரிக்கலாம். எது மலிவோ அதைத்தான் முதலாளிகள் எடுப்பார்கள். பிரிக்க அத்தனை ஆள் வேண்டும் என்று கணக்கு வந்ததால், அன்னெக்ரெட்டின் முதல் மதிப்பீட்டில் பூட்டுவதுதான் மலிவாகத் தெரிந்தது.

பூட்டிவிட்டால் காவலுக்குக் கொஞ்சம் பேர் போதும், மற்றவர்களுக்கு வேலை போய்விடும். நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பில் இருந்தேன், நாற்பது தாண்டியிருந்தது. மனைவிக்கு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. வேறு ஊரில் போய் என்ன செய்வது என்று எனக்குத் தூக்கமே போயிற்று.

சண்டை முடிந்து இருவரும் வெளியே வந்தபோது டீ நேரம். எங்கள் பக்கத்தில் டீக்கு உட்கார்ந்தால் மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் ஊற்றியவரை அவமதித்த மாதிரி. அன்னெக்ரெட் எப்போதும் ஒன்றோடு ஓடிவிடுவார். அன்று இன்சா விடவில்லை.

"உக்காருங்க. மூணு முடியட்டும். மிச்ச சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்."

ஒன்னோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கல்கண்டு போட்டு, டீ ஊற்றி, மேலே பாலாடை விட்டார். அன்னெக்ரெட் கரண்டியை எடுத்துக் கலக்கப் போனார்.

"ஐயோ, கலக்காதீங்கம்மா! இதுகூடவா தெற்குல சொல்லித் தரல?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். இரண்டாவது கோப்பையில் மெதுவாகக் கேட்டார்: "சண்டைக்கு இல்ல ஒன்னோ, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். கீழறைக் குழாயை அறுக்க எதுக்கு அவ்ளோ ஆளு?"

"நெசமா அவ்ளோ வேணாம். மூணுல ஒரு பங்கு கூடச் சேத்துப் போட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு. ஒரு பம்பு போதும்னா இங்க நாலு வெப்போம். அப்படியே பழகிட்டோம்."

இன்சா கோப்பையைக் கீழே வைத்தாள். "நீ சேத்துட்டியா? நீ அனுப்பினது மேல நானும் கால் பங்கு சேத்தேனே!"

"நீ ஏண்டி சேத்த?"

"நீ எப்பவும் கம்மியாச் சொல்லுவன்னுதான்."

அன்னெக்ரெட் பையிலிருந்து தன் கணக்குத்தாளை எடுத்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அதுக்கு மேல நானும் மூணுல ஒரு பங்கு போட்டேன். எங்க கம்பெனி வழக்கம் அது."

பத்துப் பேர் செய்கிற வேலை இருபத்திரண்டு பேர் வேலையாகியிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருமே ஜாக்கிரதைக்காரர்கள், அவ்வளவுதான்.

"அடப்பாவிங்களா," என்றார் ஒன்னோ. ஆனால் உடனே தலையை ஆட்டினார். "இருந்தாலும் நான் சேத்தத எடுக்க மாட்டேன். உள்ள போறது என் ஆளுங்க."

"எடுக்க வேணாம். எதுக்குப் பயப்படுறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பயத்துக்குப் பேர் போட்டு, ஒரே எடத்துல, ஒரே தடவ எழுதுறேன்."

ஒன்னோ யோசித்தார். "குழாய் மேல இருக்கிற உறை. அதுல கல்நார், அதான் ஆஸ்பெஸ்டாஸ், இருக்குமோன்னு பயம். அந்தத் தூசு மூச்சுல போனா நுரையீரலே போயிடும்."

"வெட்டிச் சோதிச்சுப் பாத்தா தெரியுமா?"

"தெரியும். யாரும் கேக்கல, அதான் பாக்கல."

மறுநாளிலிருந்து அவர்கள் இருவரும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு அறை அறையாகச் சுற்றினார்கள். கீழறையில் கல்நார் இல்லை, மேலறையில் இருந்தது. அங்கே ஆள் கூடியது, மற்ற இடங்களில் குறைந்தது. ஒன்னோவின் ஆட்களுக்கு ஆபத்து வரும்படி ஒரு இடத்திலும் அன்னெக்ரெட் கை வைக்கவில்லை.

முதலாளிகள் கூட்டத்துக்கு இன்சாவும் போயிருந்தாள். அன்னெக்ரெட் எழுந்து, "நான் முதல்ல கொடுத்த மதிப்பீடு தப்பு. தப்பு என் முறையில, இவங்க மேல இல்ல" என்றாராம். பக்கத்தில் அவருடைய மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். நிலையத்து ஆட்கள் கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று எங்கள் தலையில் போட்டிருக்கலாம். அதுவும் உண்மைதானே! அன்னெக்ரெட் போடவில்லை.

புதுக் கணக்கில் பிரிப்பதுதான் மலிவாக வந்தது, உடனே பிரிப்பது என்று முடிவாயிற்று. அடுத்த மாதம் அவருடைய இடத்துக்கு அவர் கம்பெனி வேறொருவரை அனுப்பியது. அவர் போனதே எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் இத்தனை வருடமும் எங்களுக்கு இங்கேயே வேலை. என் பெண் இந்த ஊரிலேயே படித்து முடித்தாள். நாங்கள் கட்டிக் காத்த உலையை எங்கள் கையாலேயே பிரித்தோம். ஒருவருக்கும் பெரிய அடி படவில்லை. போன மாதம், உலைக்கலத்தின் கடைசித் துண்டைத் தண்ணீருக்கடியில் அறுத்து வெளியே எடுத்தோம். ஓய்வு பெற்ற ஒன்னோவும் பார்க்க வந்திருந்தார். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா எங்கடா, ஃபோக்கோ?"

எனக்குத் தெரியவில்லை. பழைய எண் வேலை செய்யவில்லை. கம்பெனியில் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஸ்வீடன் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், லிதுவேனியா என்றார் இன்னொருவர்.

இலையுதிர் காலத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றுகூடி ஒரு விருந்து வைக்கிறோம். அவர் வராமல் அது நன்றாக இருக்காது. இதைப் படிப்பவர்களில் உலை பிரிக்கும் வேலையில் யாராவது இருந்தால், அன்னெக்ரெட் ஃப்ளைடரர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருந்தால், தயவுசெய்து கீழே ஒரு வரி பதில் போடுங்கள். அவர் எங்கே இருக்கிறார்?