பக்கவாட்டில் போகாத மவுஸ்

1.

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை; பட்டர்வொர்த் ஃபெர்ரியில் கேட்டு வாங்கினேன். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து ஃபெர்ரியில் தீவுக்குத் திரும்பும்போது என்னோடு வருகிறவன் ஸ்ரீஸ்கந்தராஜா. அவன் மனைவி ஐரீன், கெலுகோர் பல்கலைக்கழகத்தில் கணக்கு ட்யூட்டர். தொண்ணூற்றாறு அக்டோபரில் அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்திய பாட்டை அவன் பாதிதான் சொன்னான். மீதியைச் சொன்னது ஐரீன், ஒரு நிபந்தனையோடு.

"எழுதுங்க அண்ணே. ஆனா மாமிய மட்டும் கேலி பண்ணாதீங்க."

மாமி என்றால் ஸ்ரீயின் அம்மா, பத்மாவதி. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். மாமியாரைக் கேலி பண்ணாமல் குடும்பக் கதை எழுதுவது உப்பில்லாமல் கறி வைக்கிற வேலை என்று ஆட்டிய பிறகுதான் உறைத்தது.

2.

முதல் தொடக்கம்: "மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு ஆதிகாலந்தொட்டே..." [நிறுத்திவிட்டேன். இது பேச்சுப் போட்டி.]

இரண்டாவது: "ஐரீன் கத்தோலிக்கப் பெண். வாழ்க்கைப்பட்டதோ தேவாரம் பாடாமல் விளக்கேற்றாத யாழ்ப்பாணத்துச் சைவ வீடு. அங்கே அவளுடைய மாமியார்..." [இதையும் விட்டேன். மாமியார் என்று எழுதியதுமே நீங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். ஏமாறப் போகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஐரீன் சர்ச்சில் பூசை கண்டு வரும்வரை, அவளோடு உட்கார்ந்து பசியாறுவதற்காகக் காத்திருப்பவர் பத்மாவதி மாமி.]

மூன்றாவது இதுதான். வேறு கிடைக்கவில்லை.

அந்த வீட்டில் இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் மிகுந்த மரியாதையாக இருந்தார்கள். அதுதான் ஐரீனின் கவலையே. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு சரஸ்வதி பூசை வந்து போனது. மகனின் புத்தகங்கள், அவன் பேனா, தன்னுடைய தையல் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் மாமி சாமி அறையில் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஐரீனின் கணக்குப் புத்தகங்கள் மட்டும் அலமாரியிலேயே இருந்தன. மாமி கேட்கவில்லை, ஐரீனும் கொடுக்கவில்லை.

"விருந்தாளியாவே எத்தனை வருஷம் அண்ணே இருக்கறது?" என்று என்னிடம் கேட்டாள். கதை எழுதுகிறவனிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

3.

மூன்றாவது வருஷம் பூசைக்கு முன்னால் ஐரீன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். பல்கலைக்கழகத்தில் அவள் வேலை செய்வதெல்லாம் யூனிக்ஸில். ஆகவே வீட்டிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸைப் போட்டு, எம்.எஸ்சி. ஆய்வேட்டை அதில் எழுதி முடிப்பதாகத் திட்டம். கடைக்காரர் பெட்டிகளைக் கூடத்தில் இறக்கி, எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிட்டுப் போனார்.

"புதுச் சாமான்தானே, விஜயதசமி அன்னிக்குத் தொடங்கேன் பிள்ளை," என்றார் மாமி. ஐரீனும் சரி என்றாள்.

பூசையன்று வேலையிலிருந்து வந்தவள் கூடத்தில் கம்ப்யூட்டரைக் காணாமல் திகைத்தாள். அது சாமி அறையில் இருந்தது. ஸ்ரீயின் புத்தகங்களுக்குப் பக்கத்தில், மானிட்டர் நெற்றியில் ஒரு பொட்டு, கீபோர்டு மூலையில் ஒரு பொட்டு. மவுஸுக்கு மட்டும் விட்டுப்போயிருந்தது.

"மாமி ஒண்ணுமே சொல்லல. நானும் சொல்லல. நேரா பாத்ரூமுக்குப் போய் அழுதேன்."

[இங்கே அழுகையை வர்ணித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள். இதற்கு வர்ணனை எதற்கு?]

4.

இனி மெஷின் கதை. கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், எனக்கும் தெரியாது.

விஜயதசமியன்று கம்ப்யூட்டரைத் தன் அறைக்குக் கொண்டுபோய், சிடியைப் போட்டு லினக்ஸை ஏற்றினாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஒழுங்காக வந்தன. அடுத்து டெஸ்க்டாப் வர வேண்டும்: ஜன்னல்கள், படங்கள், மவுஸால் நகர்த்துகிற அம்பு. அதற்கு மானிட்டர் என்ன வகை, கார்டு என்ன வகை, மவுஸ் என்ன வகை என்று அது சம்பந்தம் பேசுகிற வீட்டார் மாதிரி விசாரித்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சாம்பல் நிறத் திரை வந்தது, நடுவில் அம்பும் வந்தது. ஆனால் மேலே போனது, கீழே போனது, பக்கவாட்டில் மட்டும் போகவில்லை.

மவுஸ் வகையைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் போல என்று மாற்றிப் பார்த்தாள். அம்பு பேய் பிடித்ததுபோல் மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது. பழையபடி மாற்றினாள். மோடமும் மவுஸும் ஒரே வழிக்கு அடித்துக்கொள்கின்றன என்று லேப்பில் வேலை செய்யும் கமால் போனில் சொன்னார். மோடத்தைக் கழற்றினாள். மவுஸ் செருகியிருந்த இடத்தை மாற்றினாள். ஒரு வாரம் போனது. அம்பு மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது.*

* மவுஸைக் கழற்றித் துடைத்திருக்கலாமே என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஐரீனின் பதில்: "புத்தம் புது மவுஸ் அண்ணே. அதுல எப்படி அழுக்கு இருக்கும்?"

இந்த ஒரு வாரமும் மாமி தேத்தண்ணீர்க் கோப்பையோடு அறை வாசற்படியில் வந்து நிற்பார். "இன்னும் வரலையா பிள்ளை?" என்பார். இல்லை என்றால் கோப்பையை வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் மகனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "நான் கேக்காம சாமி ரூம்ல வச்சிட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கலையோ?" என்றாராம். ஸ்ரீ சிரித்து மழுப்பியிருக்கிறான். இந்த இடத்தில் அவன்மேல் எனக்குக் கோபம், பாத்திரமாகவும் நண்பனாகவும்.

5.

ஞாயிறு மதியம் ஐரீன் மவுஸைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு வட்ட மூடி. திருகினாள். ரப்பர் உருண்டை கையில் விழுந்தது. உள்ளே அந்த உருண்டை உரசுகிற சின்ன உருளைகளில், பக்கவாட்டு அசைவைச் சொல்கிற உருளையில், மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. நடுவில் சிவப்பு. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். சந்தனம்.

[மாமி எப்படி யோசித்திருப்பார் என்பது என் ஊகம். மானிட்டருக்கு முகம் தெரிகிறது. கீபோர்டுக்கும் தெரிகிறது. இதற்கு முகம் எது? புரட்டினால் கண் மாதிரி ஒன்று இருந்தது. கண்ணுக்கு மேலே பொட்டு வைப்பதுதானே முறை. குழைத்த சந்தனம், தாராளமான கை; உருண்டையில் ஒட்டி உள்ளே போய்விட்டது.]

ஹேர்பின்னால் சுரண்டினால் தீர்ந்துவிடும். ஐரீன் ஹேர்பின்னை எடுக்கும்போது மாமி வாசற்படியில் நின்றார். அங்கிருந்து அவருக்கு ஐரீனின் முதுகுதான் தெரியும்.

"கோளாறு தெரிஞ்சிடுச்சா பிள்ளை?"

ஐரீன் வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "ரெண்டு வருஷமா உன் புத்தகத்தைக் கேக்கணும்னு இருந்தேன். நீ வேதக்காரப் பிள்ளை, மனசு கோணிடுவியோன்னு பயந்து கேக்கல. இந்த வருஷம்தான் துணிஞ்சேன். என் கை பட்டுக் கெட்டுச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு. இல்லைன்னா அடுத்த வருஷம் உன் புத்தகமும் வைக்கணும்னு ஆசை."

6.

முடிவு ஒன்று: ஐரீன் உண்மையைச் சொல்கிறாள். மாமி வாய்விட்டுச் சிரிக்கிறார். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். [ஃபெர்ரியில் இதைப் படித்த ஸ்ரீ தாளைத் திருப்பிக் கொடுத்தான். "எங்கம்மா சிரிக்க மாட்டாங்கடா. சரின்னு சொல்லிட்டு உள்ள போயிடுவாங்க. அப்புறம் அவ சாமானைத் தொடவே மாட்டாங்க."]

முடிவு இரண்டு: "உங்க கையில்ல மாமி, மவுஸே கோளாறு. கடையில குடுத்து மாத்திக்கலாம்," என்கிறாள் ஐரீன். மாமியின் முகம் மலர்கிறது. [எனக்கு இது பிடித்திருந்தது. ஐரீன் படித்துவிட்டுத் தாளை மடித்தாள். பிறகு சொன்னாள்: "விருந்தாளிதான் அண்ணே இப்படி அழகா பொய் சொல்வா."]

முடிவு மூன்று: திடீரென்று கரண்ட் போய்... [வெட்கமாக இருக்கிறது. விட்டுவிடுங்கள்.]

உண்மையில் என்னதான் சொன்னாய் என்று ஐரீனைக் கேட்டேன். "அது எனக்கும் மாமிக்கும்," என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்த பிறகு மேலே கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நான் எழுந்துகொள்கிறேன், நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். திரையில் அம்பு நடுவிலேயே நிற்கிறது. உருண்டை உங்கள் உள்ளங்கையில், விரலில் சந்தன வாசம். முதுகுக்குப் பின்னால் மாமி காத்திருக்கிறார்.

திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்லுங்கள். முழங்கால் வலிக்காரர், ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள்.