எலுமிச்சை தொட்ட சமையல்மேடை

அந்த நிலவியலாளருக்கு ஞாயிறு காலையிலிருந்தே எதிலும் மனம் ஒட்டவில்லை. அவள் வரைந்த மலைத்தொடர் வரைபடத்தை மறுநாள் துறைத்தலைவர் பார்க்கப்போகிறார். சுண்ணாம்புக்கல் பூமிக்குள் ஆழப் புதைந்து, வெந்து, சலவைக்கல்லாக மாறிய மலை அது. வடக்கே போகப் போகச் சூடு ஏறியிருக்கிறது என்று காட்ட ஒரு கோடு வரைந்திருந்தாள். அந்தச் சூட்டில் விளையும் டிரெமோலைட் என்னும் கனிமத்தின் ஊசிகளைக் கல்லிலேயே காட்டவேண்டும். இல்லையேல் கோட்டை அழித்துவிடவேண்டும் என்பது தலைவரின் கண்டிப்பு. மூன்று கோடைகள் ஏறி இறங்கியும் அவை அகப்படவில்லை. மிச்சமிருந்த ஒரே இடமான வடக்குக் குவாரியோ, மூடப்பட்டு நீர் நிரம்பிக் கிடந்தது.

சமையலறையில் அவளுடைய நாத்தனார் புதுச் சலவைக்கல் மேடையை மறைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஓர் ஈரத்துணி விரிந்திருந்தது.

"என்னத்தை மறைக்கிற?"

"ஒண்ணுமில்ல அண்ணி. எலுமிச்சை பிழிஞ்சு வச்சிருந்தேன், கிண்ணம் கவிழ்ந்துடுச்சு. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

நிலவியலாளர் துணியை விலக்கினாள். சாறு தின்ற இடமெல்லாம் வெள்ளைக்கல் மெருகிழந்து மங்கியிருந்தது. மங்கலின் நடுவே, மெல்லிய ஊசிகள் விசிறிபோல் விரிந்து பளபளத்தன. அவற்றை மட்டும் புளிப்பு தொடவில்லை. வெள்ளையோடு வெள்ளையாக ஒளிந்திருந்தவை!

பையிலிருந்த உருப்பெருக்கியைக் கொண்டுவந்து, மேடையில் மூக்கு உரசக் குனிந்தாள். பிறகு நாத்தனாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அண்ணி, திட்டறதா இருந்தா நேரடியாத் திட்டிடுங்க. பயமா இருக்கு!"

கூச்சல் கேட்டு, கல்லறுக்கும் பட்டறை வைத்திருக்கும் கணவன் ஓடிவந்தான்.

"ஏங்க, இந்தக் கல்லு எங்கேருந்து வந்தது?"

"வடக்குக் குவாரிதான். மூடறதுக்கு முன்னாடி வந்த கடைசிப் பாளம். நானே அறுத்தேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீ எங்க கேட்ட? மலையில தேடறேன்னு மலைக்குப் போயிட்ட."

"சரி, ரம்பத்தை எடுங்க. இதை வெட்டணும்."

அவன் இரு கைகளையும் அகல விரித்து மேடைமேல் கவிழ்ந்து படுத்துவிட்டான். "வேணும்னா என்னை வெட்டு!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்றாள் நாத்தனார். "பாத்திரத்தொட்டி வைக்க இதுல வெட்டியெடுத்த துண்டு வாசல்ல கிடக்கே, நாம செருப்பு வைக்கிற கல்லு!"

செருப்புகள் நாலாபக்கமும் பறந்தன. கல்லைப் புரட்டினால், அடியில் குவாரியின் சிவப்புக் குறி அழியாமல் இருந்தது. மூவரும் குந்தி உட்கார்ந்து எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் ஓர் ஊசி மின்னியது. அடுத்தடுத்து ஒரு கற்றையே மின்னியது.

"வந்துடுச்சு அண்ணி!" என்று நாத்தனார்தான் முதலில் கத்தினாள்.

"அப்ப மேடைக் கறையை நான் தேய்ச்சு மெருகேத்திடறேன்," என்றான் கணவன்.

"தொட்டுப் பாருங்க, தெரியும்!" என்று மிரட்டினாள் மனைவி.

மறுநாள் துறைத்தலைவர் அந்தக் கல்லை உருப்பெருக்கியின் கீழ் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அசல் டிரெமோலைட்தான். கோடு இருக்கட்டும்," என்றவர், கல்லை மெல்ல முகர்ந்தார். "இதுல ஏம்மா செருப்பு வாடை அடிக்குது?"