சரிவுக்கு ஏற்ற வண்டி

மருந்துக்கடைக்காரிக்கு எதையும் லேசில் நம்புகிற பழக்கம் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து, அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதி பார்த்து, அதற்கப்புறம்தான் மாத்திரையைக் கையில் கொடுப்பவள். "நான் சிரிச்சாக்கூட ஏன்னு விசாரிப்பா" என்பார் அவள் கணவர்.

அந்தக் கணவர் போன மழைக்காலத்தில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில், தள்ளிக்கொண்டு போகும் சின்னப் புல்வெட்டியோடு வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். ஒன்றரை ஏக்கர், அத்தனையும் சரிவு. கூலிக்கு வந்தவர்கள் ஒரு தடவை வந்ததோடு சரி, மறுமுறை போனையே எடுக்கவில்லை. புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி வாங்குவதைத் தவிர வழியில்லை. புது வண்டியின் விலையைக் கேட்டு இருவருக்கும் வாயடைத்துப் போயிற்று.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. முன்பக்கம் பிளேடு, டீசல் இன்ஜின், நாலு சக்கரமும் இழுக்கும், அறுநூறு மணி நேரமே ஓடியது, சரிவு நிலத்துக்கு ஏற்றது.

போனை எடுத்தது ஒரு பெண். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றாள்.

"ஒரே ஒரு விஷயம்ங்க. நாங்க வர்ற வரைக்கும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆறின இன்ஜினாத்தான் பார்க்கணும்" என்றாள் மருந்துக்கடைக்காரி.

எதிர்முனையில், "ஏங்க?" என்று அவசரமாக ஒரு கேள்வி. பிறகு, "சரிங்க" என்ற ஒற்றைச் சொல்.

அந்த ஒரு கேள்வியே இவளுக்குப் போதுமானதாக இருந்தது. தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். "வெறுங்கையோட வராதண்ணா, டார்ச் எடுத்துக்கோ. யாரோ நம்ம தலையில எதையோ கட்டப் பார்க்குறாங்க."

"இன்னும் வண்டியையே பார்க்கலையேம்மா!"

"அதான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போய் இறங்கினார்கள். தகரக் கொட்டகைக்கு வெளியே வண்டி நின்றது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர், தோட்ட வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர். ஆறடி உயரம், அகன்ற தோள். ஆனால் நின்ற விதமோ, ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நிற்கிற பையனைப் போல. அவர் மனைவி, போனில் பேசிய அதே குரல், "வாங்க வாங்க" என்று முன்னால் வந்தாள்.

மருந்துக்கடைக்காரி வணக்கம் கூடச் சொல்லவில்லை. நேராகப் போய் இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது.

"ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லியிருந்தேனே?"

ஒப்பந்தக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி, "கொட்டகையிலேருந்து வெளிய எடுக்கணும்ல, அதுக்குத்தான்" என்றாள்.

கொட்டகைக்கும் வண்டிக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. பத்தடி வந்த இன்ஜின் இப்படிச் சுடுமா? அண்ணனைப் பார்த்தாள். அவர் அதற்குள் படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டிருந்தார். இரும்பைப் பார்த்தால் மனிதர்களை மறந்துவிடுகிற ஜாதி அவர்.

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தாள். மீட்டரில் அறுநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். ஆனால் பெடல் ரப்பர் தேய்ந்து வெறும் இரும்பு பளபளத்தது. சீட் புத்தம் புதுசு. சீட்டுக்குப் பின்னால், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுங்காமல் காக்கிற கம்பி வளைவு இருந்தது. வண்டியின் மற்ற பாகமெல்லாம் வெளுத்த ஆரஞ்சு, அது மட்டும் நேற்றுப் பூசியதுபோல ஒரு ஆரஞ்சு. அந்த மாதிரி வளைவில் மடக்கி வைப்பதற்கு ஒரு மூட்டு இருக்கும். இதில் மூட்டை அசையவிடாமல் வெல்டிங் வைத்து அடைத்திருந்தது.

"சீட் ஏங்க மாத்துனீங்க?"

"பழசாயிடுச்சு" என்றார் ஒப்பந்தக்காரர்.

"அறுநூறு மணி நேரத்துலயா?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அண்ணன் வெளியே வந்து கையைத் துடைத்தார். "ஆயில் ஒழுக்கு இல்ல. ஹைட்ராலிக் நல்லா இருக்கு. பிளேடு தண்டு ஆடல. சாதுவான வண்டிம்மா."

"சரிவுல ஓட்டிப் பார்க்கணும்" என்றாள் இவள்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது. "நீங்களே ஏத்திக் காட்டுங்களேன்" என்று ஒப்பந்தக்காரரிடம் சொன்னாள்.

"நான் ஓட்ட மாட்டேங்க."

"உங்க வண்டிய நீங்க ஓட்ட மாட்டீங்களா?"

"மாட்டேன்" என்றார் அவர்.

என்ன கோளாறாக இருக்கும்? பிரேக்கா? ஸ்டியரிங்கா? அண்ணன் அலட்டிக்கொள்ளாமல் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, வண்டியை மேட்டில் நேராக ஏற்றினார். உச்சியில் நிறுத்தி அதே தடத்தில் பின்னோக்கி இறக்கினார். வண்டி பூனைபோல ஏறி இறங்கியது. ஆனால் அவள் வண்டியைப் பார்க்கவில்லை. ஒப்பந்தக்காரரைப் பார்த்தாள். அவர் மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகரச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"இது கவிழ்ந்த வண்டி. அப்படித்தானே?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றார் அவர். இத்தனை நேரம் அடக்கிய மூச்சை விட்டதுபோல வந்தது அந்தச் சொல்.

"போச்சு!" என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவர் வாயைக் கட்டி நிறுத்த நான் பட்ட பாடு! இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரையும் இப்படித்தான், கேக்காமலே சொல்லித் துரத்திவிட்டாரு."

பிறகு இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். வண்டியை ஓட்டியவன் ஒப்பந்தக்காரர் மனைவியின் தம்பி, அவருக்கு மச்சான், தொழிலில் கூட்டாளி. மரக்கிளைகளுக்கு அடியில் வெட்டுவதற்காக ஒப்பந்தக்காரர் கம்பி வளைவை மடக்கி வைத்தார். வேலை முடிந்ததும் நிமிர்த்த மறந்துவிட்டார். மறுநாள் மச்சான் ஈரப்புல்லில் குறுக்காகத் திரும்பினான். வண்டி உருண்டது. உயிர் தப்பினான், இடுப்பு எலும்பு நொறுங்கியது. ஏழு மாதம் படுக்கை. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான், வேறு வேலைக்குப் போகிறான்.

"அவனே இவரை மன்னிச்சிட்டான். இவர்தான் தன்னை மன்னிக்கல. தினம் காலைல இந்தக் கொட்டகை முன்னாடி வந்து நின்னுக்கிட்டு..." மனைவி கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். "இது இங்கேருந்து போகணும். அவ்வளவுதான் எனக்கு. இன்ஜினை நான்தான் அரைமணி நேரம் ஓடவிட்டேன். ஒரு ஹீட்டர் பிளக் போயிருக்கு, ஆறிப்போனா உடனே பிடிக்காது. நீங்களும் திரும்பிப் போயிடுவீங்களோன்னு பயம்."

"மீட்டர்?"

மனைவி உள்ளே போய் ஒரு பழைய மீட்டரைக் கொண்டுவந்தாள். கண்ணாடி உடைந்திருந்தது. ஆயிரத்து எண்ணூற்றி நாற்பது மணி நேரம். "விழுந்தப்ப உடைஞ்சது. புதுசு மாட்டி, கூலிக்கு ஆள் வச்சு இவ்வளவு நாள் ஓட்டினோம். ரெண்டையும் கூட்டித்தான் விளம்பரத்துல போடணும்னாரு இவரு. நான்தான் விட்டுட்டேன்."

அண்ணன் மறுபடி அடியில் புகுந்து, சட்டத்தையும் அச்சையும் டார்ச் அடித்து விரற்கடை விரற்கடையாகப் பார்த்தார். அரைமணி நேரம் ஆயிற்று. கோணல் எங்கும் இல்லை. மணிக்கணக்குக்கும் பிளக்குக்கும் சேர்த்து விலையைக் குறைத்தார்கள். ஒப்பந்தக்காரர் பேரமே பேசவில்லை. "ஒண்ணே ஒண்ணு. உங்க இடத்தை நான் வந்து பார்க்கணும்" என்றார்.

இது என்ன புதுசாக, என்று அவளுக்கு மறுபடி சந்தேகம் தட்டியது. வீட்டைப் பார்த்து என்ன செய்யப் போகிறார்? ஆனாலும் சரி என்றாள்.

மூன்றாம் நாள் அவரே வண்டியை லாரியில் ஏற்றிவந்து, ஆள் வைத்து இறக்கினார். பிளக் மாற்றியிருந்தது. ஒரு கட்டு மூங்கில் குச்சிகளையும் இறக்கினார். வேறெதுவும் பேசாமல் புல்லை விலக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார். மருந்துக்கடைக்காரி பத்தடி பின்னாலேயே போனாள். அவர் ஒவ்வொரு இடத்திலும் காலை அழுத்தி மிதித்தார், உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். நீர் கசிந்த இடம், எலி வளை தோண்டிய இடம், திடீரென்று செங்குத்தாக இறங்கும் ஓரம் என்று பார்த்துப் பார்த்துக் குச்சி நட்டார். வெயில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டது.

"குச்சிக்கு அந்தப் பக்கம் வண்டி போகக்கூடாதுங்க. அரிவாளால அறுத்துக்கோங்க. நேரா மேல, நேரா கீழ. குறுக்க வேண்டாம். ஈரம் இருந்தா வேண்டவே வேண்டாம்."

"இதுக்கு எவ்வளவு தரணும்?" என்று கேட்டாள்.

அவர் புரியாமல் பார்த்தார். அவளுக்குக் கேட்டிருக்கக்கூடாதென்று தோன்றியது. "தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் இரண்டு சொம்பு குடித்தார். கிளம்புமுன், திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவரின் முட்டியைப் பற்றி விசாரித்தார். தன் மச்சானுக்கு நடக்கப் பயிற்சி கொடுத்த பெண்ணின் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் புல் காய்ந்திருந்தது. அவளே ஏறி உட்கார்ந்தாள். முதல் வரிசையில் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள், மூன்றாவதில் பழகிவிட்டது. நாற்பத்தோரு குச்சிகள் நட்டிருந்தார் அவர். ஒன்றைக்கூடத் தொடாமல், சாயங்காலத்துக்குள் பாதிச் சரிவை வெட்டி முடித்தாள்.