வாரத்தில் ஓர் இரவுக்கான லென்ஸ்

ரொட்டித் தொழிற்சாலையில் அவனுக்கு 'அண்ணாந்தான்' என்று பெயர். இரவுப் பணியில் தேநீர் இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் கேன்டீனுக்கு ஓடுவார்கள். அவன் மட்டும் பின்கதவைத் திறந்துகொண்டு, மாவு மூட்டை இறக்கும் மேடையில் போய் நின்று வானத்தைப் பார்ப்பான். நாலு பக்கமும் விளக்குக் கம்பங்கள் எரியும் அந்த இடத்தில் ஏழெட்டு நட்சத்திரம் தெரிந்தாலே அதிகம். இருந்தாலும் பார்ப்பான். இரவையெல்லாம் சம்பளத்துக்கு விற்றுவிட்டவனுக்குத்தான் இரவின் மேல் இத்தனை ஆசை வரும் போலிருக்கிறது.

அவன் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி இறங்குவதே தெரியாது என்பதால் அங்கே அவளுக்கு 'பூக்கை' என்று பெயர். காலையில் அவள் படியிறங்கும்போது அவன் படியேறுவான். மாலையில் அவள் செருப்பைக் கழற்றும்போது அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர்கள் பேசியதில் பாதி அந்தப் படிக்கட்டில் பேசியதுதான். "பால் வாங்கணும்." "தண்ணி மோட்டார் போட்டாச்சா?" "தலைவலி பரவாயில்லையா?" செவ்வாய்க்கிழமை இரவு மட்டும் அவனுக்கு விடுமுறை.

அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் குதிரை தின்றுகொண்டிருந்தது.

ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் வேட்டைக்காரனின் இடுப்புவார் போல வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் கடைசி நட்சத்திரத்தை ஒட்டிச் சிவந்த வாயு மேகம் ஒன்று பரவியிருக்கிறது. அதன் முன்னால் கருப்பாக ஒரு தூசு மேகம், அச்சு அசலாகக் குதிரைத் தலை. பள்ளிக்கூட வயதில் முடிதிருத்தும் கடையில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தான். அன்றைக்குத் தலையைக் கொடுத்துவிட்டு வந்தவன், மனதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். அந்தக் குதிரையைத் தன் கையாலேயே படமெடுத்துவிட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஆசை என்று சொல்வதைவிட ஏக்கம் என்பதே சரி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக ஏங்குவது.

வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பும் ஒரு சின்னப் பொறியை வாங்கி வைத்திருந்தான். சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை உள்ளிருந்து எடுத்துவிட்ட பழைய கேமரா ஒன்றும் கிடைத்தது. தொலைநோக்கி, மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், பிரியமாகக் கொடுத்தது. நீளக் குழாய், எஃப் பத்து. குழாயின் குவியத் தூரத்தை அதன் வாய் அகலத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். எண் பெரிதானால் படம் பெரிதாக விழும். ஆனால் வெளிச்சம் பரந்து மெலிந்துபோகும். கேமரா நெடுநேரம் கண் திறந்திருக்க வேண்டும்.

மச்சான் குழாயில் எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் போயின. கீழே சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டுகள் கவிழ்த்திருக்கும். அவன் மாடியிலிருந்து இறங்கும்போது ஒன்று கழுவி வைக்கப்பட்டிருக்கும். மறுநாள் படத்தைத் திறந்து பார்த்தால் சாம்பல் பூசிய இருட்டு.

"சாப்பாடு ஆறிப்போச்சு," என்றாள் அவள் ஒருநாள். "நானும்தான்."

"இன்னும் கொஞ்ச நேரம் கிடைச்சிருந்தா விழுந்திருக்கும்."

"நமக்கு இருக்கிறது வாரத்துல ஒரே ஒரு ராத்திரி. அதையும் குதிரைக்குக் கொள்ளு வாங்கிப் போடறீங்க."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. வேகமான லென்ஸ் ஒன்று வாங்குவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தான். எஃப் எண் சிறியதாக இருந்தால் வெளிச்சம் அள்ளிக்கொண்டு வரும். எஃப் பத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சேர்ப்பதை எஃப் இரண்டு ஐந்து நிமிடத்தில் சேர்த்துவிடும். அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கீழே வந்துவிடலாம். குதிரையும் கிடைக்கும், மனைவியின் முகமும் வாடாது.

பழைய கேமராச் சாமான் விற்கும் கடை ஒன்று பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கடையை நடத்தியது ஓர் அம்மாள். கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, வாயில் ஓயாத பேச்சு. 'லென்ஸ் அம்மா' என்றால் எல்லோருக்கும் தெரியும். தூங்க வேண்டிய பகலில் கண் எரிய அங்கே போய் நின்றான்.

லென்ஸ் அம்மா மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதலாவது, எஃப் நான்கு கண்ணாடித் தொலைநோக்கி. "நல்ல சரக்குதான் தம்பி. ஆனா ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கிற ரெண்டு கண்ணாடியையும் நேர்ப்படுத்தணும். பொறுமை இருக்கா?"

"நேரம் இல்லீங்க."

இரண்டாவது, சின்ன லென்ஸ் தொலைநோக்கி, எஃப் ஐந்து. "இது சொன்ன பேச்சு கேக்கும். குதிரை ஓரளவு பெரிசாவும் விழும்."

மூன்றாவதைப் பார்த்ததுமே அவன் கை அதனிடம் போய்விட்டது. நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் இரண்டு. உள்ளங்கையில் வைத்தால் கல்லுப்போலக் கனம். முன்கண்ணாடி கிணறு மாதிரி ஆழமாக இருந்தது.

"இதுல குதிரை எவ்வளவு பெரிசா வரும்?"

"அரிசியில பாதி. ஆனா அதைச் சுத்தியிருக்கிற சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து விழும். குடும்பப் படம்னு வெச்சுக்குங்களேன்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லிடறேன். வேகமான லென்ஸ் கோவக்கார மாப்பிள்ளை மாதிரி. மயிரிழை தப்பினாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். குளிர் கொஞ்சம் ஏறினாப் போதும், ஃபோகஸ் நகர்ந்துடும்."

எதிர்ச் சாரியிலிருந்த சைக்கிள் கடையில் ஓர் எஃகுக் குண்டு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அந்த மினுக்கைப் படத்தின் நடுவில் வைத்து எடுத்துக் காட்டினாள், ஊசிமுனைப் புள்ளி. மூலையில் வைத்து எடுத்தபோது அந்தப் புள்ளிக்கு இரண்டு இறக்கை முளைத்திருந்தது. "எஃப் ரெண்டு புள்ளி எட்டுக்கு வாயைக் கொஞ்சம் சுருக்கினா இறக்கை போயிடும். ஆனா வெளிச்சத்துல பாதியும் போயிடும். எது வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

அவனுக்கு வேண்டியது நேரம். எஃப் இரண்டை வாங்கிக்கொண்டு வந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. அவள் நீலப் புடவை கட்டியிருந்தாள், அவனுக்குப் பிடித்தது. "அரை மணி நேரம்தான். அடுப்பை அணைக்கறதுக்குள்ள வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான்.

லென்ஸ் அம்மா சொன்ன மாப்பிள்ளை அன்றைக்குத்தான் முழுக் குணத்தையும் காட்டினார். ஃபோகஸ் வளையத்தை எறும்பு நகர்வதுபோல நகர்த்தினாலும் நட்சத்திரம் ஒன்று அந்தப் பக்கம் பூசணிக்காயாக வீங்கும், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் வீங்கும். நடுவில் கூர்மையானபோது ஓரமெல்லாம் பறவைக் கூட்டம். வாயைச் சுருக்கினான், மறுபடி ஃபோகஸ் பார்த்தான். சரியாகிவிட்டது என்று நிமிர்ந்தபோது காற்று குளிர்ந்தது, எல்லாம் முதலிலிருந்து. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அவன் பதறினான். அரை மணி நேரம் என்று சொன்னது காதில் அடித்துக்கொண்டே இருக்க, வளையத்தைச் சரியான இடம் தாண்டித் தாண்டித் திருகினான். மொத்தத்தில் மச்சான் குழாய்க்கு ஆனதைவிட அதிக நேரமாயிற்று. ஒரு படமும் தேறவில்லை.

கீழே வந்தபோது அவள் அதே புடவையோடு சோபாவில் தூங்கிப் போயிருந்தாள். கன்னத்தில் குஷன் தையலின் தடம் பதிந்திருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. தரையில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நாளாயிற்று இப்படிப் பார்த்து என்று தோன்றியது. பக்கத்தில் இருந்துகொண்டே ஒருத்தியை நினைத்து ஏங்க முடியும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்கடுத்த செவ்வாய் மேகம் மூடிக்கொண்டது. இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஆனால் அவன் கண் ஜன்னலுக்குப் போவதும் தட்டுக்கு வருவதுமாக இருந்தது.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை. "ஒண்ணு கேக்கறேன். கேமரா ஓடிட்டிருக்கும்போது நீங்க என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. தொட்டா ஆடிடும். நடந்தாக்கூட மாடி அதிரும்."

"அப்ப சும்மா உக்காந்திருக்கணும்."

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"இந்த லென்ஸ்ல கொஞ்ச நேரம்தான். அதுக்குத்தானே வாங்கினேன்! உங்க அண்ணன் குழாய்னா மணிக்கணக்கா உக்காரணும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "காலி வீட்ல நான் அடுப்புகிட்டப் பேசிட்டிருக்கேன், தெரியுமா? பக்கத்துல சும்மா உக்கார ஒரு ஆள் இல்லையேன்னு வாரம் பூரா தவிக்கறேன். நீங்க என்னடான்னா, சும்மா உக்கார்ற நேரத்தைக் குறைக்கறதுக்கு ஊரெல்லாம் அலைஞ்சு லென்ஸ் வாங்கியிருக்கீங்க."

"நீ மேல வந்து உக்காந்தா, மாடியில கொசு கடிக்குமே," என்றான்.

"கடிக்கட்டும். நான் எடுக்காத ரத்தமா?"

அடுத்த விடுமுறைக்கு ஓரியன் உச்சியைத் தாண்டி மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. பொழுது சாய்ந்ததுமே அவள் பாயும் தலையணையும் சாப்பாட்டுப் பாத்திரமுமாக மாடிக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு அவன் அவசரப்படவில்லை. வாயைக் கொஞ்சம் சுருக்கி, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகிற வரைக்கும் வளையத்தை மெல்லத் திருகினான். குளிர் ஏறியபின் ஒரு தடவை சரிபார்த்தான். அப்புறம் கேமராவை ஓடவிட்டுவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தான்.

"எவ்வளவு நேரம்?" என்றாள்.

"குதிரை வீட்டுக்குள்ள போற வரைக்கும்."

எதிர் வீட்டுக் கூரைக்குப் பின்னால் ஓரியன் மறையும் வரை எடுத்தார்கள். அரை மணி நேரத்துக்காக வாங்கிய லென்ஸ், கிடைத்த நேரத்தையெல்லாம் குடித்தது. எழுந்து நடக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. சாப்பாட்டைக்கூடப் பாத்திரச் சத்தம் கேட்காமல் சாப்பிட்டார்கள். மெதுவான குரலில் அவள் பேசினாள். நரம்பே தெரியாத கையை முழங்கையில் தடவித் தேடுவது எப்படி என்று சொன்னாள். ஊசியைக் கண்டால் மயங்கி விழும் ஒரு போலீஸ்காரரைப் போலவே மூச்சை இழுத்துக் காட்டினாள். பரிசோதனைக் கூடத்தில் மேற்பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்ததும், வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டதும் அப்போதுதான் அவனுக்குத் தெரிய வந்தது.

"ஏன் வேணாம்னே?"

"அது சாயங்கால வகுப்பு. இப்ப பாக்கிற கொஞ்ச நேரமும் போயிடும்."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே."

"எங்க சொல்றது? படிக்கட்டுலயா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மாடி அதிராமல் அவள் அவன் தோளில் சாய்ந்தாள்.

மறுநாள் பகலில் தூங்காமல் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தான். சாம்பல் விலகிச் சிவப்பு மெல்ல ஊறி வந்தது. அதன் நடுவே கருப்பாக ஒரு துணுக்கு. பெரிதாக்கிப் பார்த்தான். கழுத்து, நெற்றி, மூக்கு. மாலையில் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து திரையைப் பார்த்தாள்.

"குதிரை எங்க?"

விரல் வைத்துக் காட்டினான்.

"அட, சதுரங்கக் காய்!" என்றாள். பிறகு நெருங்கிப் பார்த்தாள். "பாவம், தனியா நிக்குது." அவன் பணிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. படத்தைத் தன் கைப்பேசியில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அவன் போவதை அவள் படிக்கட்டு வரை வந்து பார்த்தாள்.

லென்ஸ் வாங்கிய செய்தி எப்படியோ மச்சான் காதுக்குப் போக, அவர் "என் குழாய் என்ன, ஊதுகுழலா?" என்று தொலைபேசியில் பொரிந்தார். "நிலாவுக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்ல அண்ணா," என்று தங்கை சமாதானம் சொன்னாள். அது பொய்யும் இல்லை. நிலா வெளிச்சத்தில் குதிரை தெரியாத செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் அந்தக் குழாய்வழியே நிலவின் பள்ளங்களை முறைபோட்டுப் பார்த்தார்கள்.

பகல் பணி கேட்டு அவன் மேலாளரிடம் இரண்டு தடவை போனான். இடம் காலியானால் பார்க்கலாம் என்றார்கள். இடம் காலியாகவில்லை. ஓரியன் சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது, இனி மாதக்கணக்காகும்.

வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், திரைச்சீலையை மூடிக்கொண்டு தூங்கியவனைக் கைப்பேசி எழுப்பியது. அவள்தான்.

"தூங்கிட்டிருந்தீங்களா? ரெண்டே நிமிஷம். இன்னைக்கு ஒரு பெரியவர் கையை நீட்டவே மாட்டேன்னுட்டார். என் ஃபோன்ல இருக்கிற படத்தைக் காட்டி, இதுல ஒரு குதிரை இருக்கு, கண்டுபிடிங்கன்னேன். தேடிட்டே இருந்தார். எடுத்து முடிச்சதுகூடத் தெரியல."

"கண்டுபிடிச்சாரா?"

"இல்ல. யார் எடுத்ததுன்னு கேட்டார். நாங்க எடுத்ததுன்னு சொன்னேன்." அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "சரி, ஆள் நிக்கறாங்க. தூங்குங்க."

அவனுக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து திரைச்சீலையை விலக்கினான். தெரு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அவள் பேருந்து வர இன்னும் நெடுநேரம் இருந்தது. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, தெருமுனையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டான்.